ஓர் அங்குலம் தள்ளி

அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு முழங்கை அக்கா என்று பேர். வைத்தவள், விரிப்புகளை உள்ளிழுத்துத் தேய்க்கும் உருளை இஸ்திரியின் மறுபக்கத்தில் நிற்கும் ஒல்லிப்பெண். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் இவள் கையைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தபோது வலது முழங்கையைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது, காலுக்கு வர்ற காய்ப்பு கைக்கு வந்திருக்கு?"

"வீட்டுக்காரருக்கு இடுப்பு அழுத்திவிட்டு வந்தது."

கூடமே சிரித்தது. இந்த அழுத்தும் வேலைபோல ஒரே வேலையைப் பதினெட்டு வருடம் செய்தவர்களுக்கு மற்ற இடங்களில் மாலை போட்டுக் கைதட்டுவார்கள். இவளுக்குப் பட்டப்பெயர் கிடைத்தது. இவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். வலது முழங்கை கறுத்துத் தடித்து, தட்டினால் சத்தம் வரும்போல இருந்தது. இடது முழங்கைக்கு ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே பெண்ணுடைய கைகள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். நல்ல டிரைவர், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. ஆனால் பஞ்சு போன இருக்கையில் வருடக்கணக்காக உட்கார்ந்து, ஒரு காலால் மட்டும் ஓயாமல் மிதித்து மிதித்து, ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. கண்டக்டரும் இரண்டு பயணிகளும் சேர்ந்து அலமாரியை இறக்குவதுபோல இறக்கினார்கள். இடுப்பின் வலதுபக்கத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வரைக்கும் வலி. மூன்று டாக்டர், ஏழெட்டுக் களிம்பு, இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. எதற்கும் அசையவில்லை.

அப்போதுதான் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை இலவச முகாம் என்று கேள்விப்பட்டு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். அக்குபஞ்சர் செய்கிற ஊசி டாக்டர் ஒருவர் வந்திருந்தார். மெல்லிய மனிதர், தடித்த கண்ணாடி. டிரைவரை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். கீழே இருக்கும் காலை நீட்டி மேலே இருக்கும் காலை மடக்கி வைத்தார். பிட்டத்தின் ஓரத்தில் விரலால் தடவி ஓரிடத்தில் நிறுத்தி, விரல்நீளத்துக்கு ஓர் ஊசியை இறக்கினார். டிரைவரின் கால் பெருவிரல் தானாக ஒருமுறை துள்ளியது. கால்மணி நேரம் கழித்து மனிதர் எழுந்து நடந்தார். இவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் ஊசி டாக்டர் மறுநாள் வேறு ஊருக்குப் போகிறவர். வாசல் வரை வரிசை நின்றது. எலும்புக் கணக்கெல்லாம் விளக்க அவருக்கு நேரமில்லை. சட்டைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, ஊசி போட்ட இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இங்க முழங்கையை ஊன்றி அழுத்துங்கம்மா. தினம் இருபது நிமிஷம். மை அழியறதுக்குள்ள உங்க கை பழகிடணும்."

மை அழிவதற்குள் என்றால், மையை அழியவே விடாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். அவர் குளித்துவிட்டு வந்ததும் மங்கிப்போன குறியின் மேலேயே புதுக் குறி போடுவாள். மறுநாள் அதன் மேல் இன்னொன்று. ஈரத்தோலில் பேனா ஒழுங்காக ஓடாது, அவரும் ஓரிடத்தில் நிற்கமாட்டார். ஒவ்வொரு நாளும் மயிரிழை மயிரிழையாகக் குறி நகர்ந்துகொண்டே போனது அவளுக்குத் தெரியவில்லை. பதினைந்து நாளில் அது முதுகுப்பக்கமாக நடைபோட்டு எங்கேயோ போய் நின்றது. வலி மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது.

டிரைவர் சும்மா இருப்பாரா? "டாக்டர் கை எங்க, உன் கை எங்க? விரிப்பு மடிக்கிற கைக்கு வைத்தியம் வருமா?" என்று ஆரம்பித்தார். குறி எங்கே இருக்கிறதோ அங்கேதானே அழுத்துகிறோம் என்று அவள் குளியலறைக்குப் போய் அழுதாள். பதினாறாம் நாள், குறியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு முழங்கையாலேயே தேடினாள். நூல் நூலாக நகர்த்தினாள். அவர் திட்டிக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் முழங்கை பள்ளத்தில் விழுந்ததுபோல இறங்கியது. திட்டு பாதி வாக்கியத்தில் நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தாள். பெருவிரல் துள்ளிக்கொண்டிருந்தது.

அந்த இடத்துக்கும் குறிக்கும் நடுவே கட்டைவிரலை வைத்து அளந்தாள். ஓர் அங்குலம். சோப்பு போட்டு மையைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அவளுக்குப் பேனா தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து பதினெட்டு வருடம். சாயங்காலம் ஆறரைக்கு அவர் பணி முடிந்து வருவார். தரையில் விரித்த மெத்தையில் சுவரைப் பார்த்து இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுப்பார். அவள் முழங்கையை ஊன்றிப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பாள். அவளும் காலை ஏழிலிருந்து நின்றுவிட்டு வந்தவள்தான். அது அந்த வீட்டில் செய்தியே இல்லை. அவர் பேசும் வாக்கியங்கள் மொத்தம் மூன்று.

"கொஞ்சம் மேல."

அவள் அசையமாட்டாள். அசைந்ததுபோல உடம்பை மட்டும் ஆட்டுவாள்.

"கொஞ்சம் கீழ."

மறுபடியும் ஆட்டுவாள்.

"ஆங், அங்கதான்."

இதுதான் இடம், இதைவிட்டால் வேறில்லை என்று அவள் கைக்குத் தெரியும். அவருக்கோ, தான் வழிசொல்லித்தான் வண்டி போகிறது என்று நினைப்பு. வருகிறவர்களிடம், "நான் சொல்லச் சொல்ல அழுத்துவா" என்பார். டிரைவர் புத்தி, வீட்டில் ஸ்டியரிங்கை விடுமா?

மகள் பிரசவத்துக்காக இவள் பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். நாலாம் நாள் டிரைவர் போன் செய்தார். பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. எப்போது வருகிறாய் என்று கேட்டார். ஐந்தாம் நாள் மூன்று தடவை கேட்டார். ஆறாம் நாள் இவள் பையைக் கட்டினாள். மகள் படுத்த நிலையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு இடுப்பு இருக்கு, சரி. எனக்கு அம்மா இருக்கக்கூடாதாம்மா?"

பேத்தியின் பாதத்தை ஒருமுறை தொட்டுவிட்டு பஸ் ஏறினாள். அதன்பிறகு மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா. அவ்வளவுதான்.

டிரைவர் ஓய்வு பெற்ற வருடம், பழைய ஊசி டாக்டரே இந்த ஊருக்குத் திரும்பி வந்து, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தார். வேலை இல்லாத மனிதருக்கு உடம்பைக் காட்டுவதே ஒரு வேலை. போய் ஒருதரம் காட்டிவிட்டு வரலாம் என்றார் டிரைவர். இவள் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனாள். உள்ளே திரைக்கு அந்தப்பக்கம் டாக்டர் அவரைப் படுக்க வைத்தார். இந்தப்பக்கம் ஸ்டூலில் அவருடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இவள் உட்கார்ந்திருந்தாள்.

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் ஊசி போட்டதா? அதுக்கப்புறம் வைத்தியமே பண்ணலையா?" டாக்டரின் குரல் அதேபோல மெதுவாக இருந்தது.

"இல்லைங்க டாக்டர்."

"அப்படின்னா நீங்க இத்தனை வருஷம் வண்டி ஓட்டினதே பெரிய விஷயம். இருங்க. இந்த முட்டிக்கிட்டு நிக்கிற இடுப்பெலும்புலேருந்து வால் எலும்புக்கு ஒரு கோடு போட்டு, அதை மூணா பிரிச்சா, இடுப்பெலும்புப் பக்கம் முதல் பங்கு முடியுற இடம். அடடே, அங்க தோலே தடிச்சிருக்கு. நூல் பிடிச்ச மாதிரி அதே இடம். படிச்சவங்களே இந்த இடத்தைத் தவறவிடுவாங்க. யாரு உங்களுக்கு அழுத்திவிட்டது?"

ஸ்டூலில் இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதற்கென்று தெரியாமல் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள். மை நகர்ந்த கதையைச் சொல்லலாம். டாக்டர் சிரிப்பார்.

"யாரும் இல்லைங்க. நானே வண்டியில கம்பிமேல சாஞ்சு அழுத்திக்குவேன்."

"கம்பியில சாஞ்சா இந்த இடம் படாதே?"

"எல்லாம் பழக்கம்தான் டாக்டர்."

"கெட்டிக்காரர்தான் நீங்க."

அவள் மடியிலிருந்த சட்டையை மறுபடியும் மடித்தாள். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"கம்பியில சாஞ்சேன்னு."

"பின்ன? பொண்டாட்டி தினமும் முழங்கையால இடிப்பான்னு சொல்லவா? நாலு பேர் இருக்கிற இடம்."

அங்கே நாலு பேர் இல்லை. அவர், டாக்டர், திரைக்கு இந்தப்பக்கம் இவள். இவளைக் கழித்துவிட்டால் இரண்டே பேர். வீட்டு நிறுத்தம் வந்ததும் அவர் பின்னால் இறங்கினாள். அன்று சாயங்காலமும் ஆறரைக்கு முழங்கையை ஊன்றினாள். மனிதர் இப்படித்தான் என்று தெரிந்தபிறகும் கை வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. இதைப் பொறுமை என்று சிலர் சொல்வார்கள். அவள் அதைப் பழகின கழுதைத்தனம் என்றுதான் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு அவளுக்கே வந்தது. வராமல் இருக்குமா? உருளை இஸ்திரியில் விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து, இடுப்பை முன்னால் வளைத்து, சூட்டுக்குள் ஊட்டவேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் சுருக்கமில்லாத படுக்கை. முதலில் வலது இடுப்பு, அப்புறம் தொடையின் பின்பக்கம், அப்புறம் கெண்டைக்கால். வலி எந்தத் தெருவில் நுழைந்து எந்தத் தெருவில் திரும்பும் என்று அவளுக்கு மனப்பாடம். பதினெட்டு வருடம் பக்கத்துவீட்டில் இருந்தது இப்போது இவள் வீட்டுக்குக் குடிவந்திருக்கிறது.

தன் முழங்கையைத் தன் பிட்டத்துக்குக் கொண்டுபோக எந்த மனுஷியாலும் முடியாது. கதவு நிலையில் சாய்ந்து பார்த்தாள். அந்த இடத்துக்கு மேலிருந்து ஓர் ஆளுடைய கனம் இறங்கவேண்டும். ஒல்லிப்பெண் ஆசையாக, "நான் அழுத்துறேன்க்கா" என்று விரிப்பு மடிக்கும் மேசையில் இவளைப் படுக்க வைத்தாள். சூப்பர்வைசர் எங்கிருந்தோ முளைத்தார்.

"விருந்தாளிங்க படுக்கிற துணிமேல நீங்க படுக்கிறீங்களா?"

அத்தோடு அது முடிந்தது. ஊசி டாக்டர் நாலு மணிக்கே கதவைச் சாத்துகிறவர். இவளுக்குக் கூடத்திலிருந்து விடுதலை ஐந்துக்கு. போவதென்றால் லீவு போடவேண்டும். அந்த வருடத்து லீவையெல்லாம் டிரைவரின் இடுப்பு முன்பே தின்று தீர்த்திருந்தது. சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். இருந்தாலும் ஒருநாள் காலையில் வாயைத் திறந்து கேட்டாள்.

"என்னங்க, ஒரு தடவை ஊசி டாக்டர்கிட்ட போயிட்டு வந்துரட்டுமா? நிக்கவே முடியல."

டிரைவர் பேப்பரை இறக்கினார். "உனக்கெதுக்கு ஊசி? நான் சும்மாத்தானே இருக்கேன். தினம் சாயங்காலம் அழுத்திவிடுறேன். பதினெட்டு வருஷம் நீ எனக்குப் பண்ணலையா?"

நீ எனக்குப் பண்ணினாய் என்ற வார்த்தை அந்த வீட்டில் முதல்முதலாகக் கேட்டது அன்றுதான். அவள் டிபன் டப்பாவை மூடியபடியே நின்றுவிட்டாள். அப்போ கணக்கில் இருக்கிறது, மனிதருக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது, வாயில்தான் வரவில்லை என்று நினைத்தாள். அன்றைக்கு அறுநூறு விரிப்பும் எப்படிப் போனது என்று தெரியவில்லை. "என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க?" என்றுகூட ஒல்லிப்பெண் கேட்டாள்.

சாயங்காலம் மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தாள். டாக்டர் சொன்ன எலும்புக் கணக்கைத் திரைக்கு வெளியே இருந்து கேட்டிருந்தாளே, அதன்படி கையைப் பின்னால் கொண்டுபோய் விரலால் தொட்டுக்காட்டினாள். "இங்க ஒரு குறி போட்டுக்கங்க." டிரைவர் பேனாவால் போட்டார். பிறகு ஆள்காட்டி விரலால் அழைப்புமணியை அமுக்குவதுபோல அமுக்கினார்.

"விரல் இல்லைங்க. முழங்கை."

"ஓஹோ."

முழங்கையை ஊன்றினார். நகர்ந்தார், வழுக்கினார், திரும்ப ஊன்றினார். திடீரென்று சரியான இடத்தில் கனம் இறங்கியது. இடுப்பிலிருந்து வெதுவெதுப்பாக ஒன்று காலோடு ஓடியது. அவளுடைய பெருவிரல் தானாகத் துள்ளியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் இல்லை. இதுவா, இப்படி ஒன்றையா இந்த மனிதர் தினமும் ஆறரைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்? இப்படி ஒன்று கிடைத்த மனிதர் ஒரு தடவைகூட, பேச்சுக்குக்கூட, நல்லா இருக்குது என்று சொல்லாமல் எப்படி இருந்தார்? அவளுக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. பதினெட்டு வருடம் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தது எவ்வளவு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"என்ன, வலிக்குதா?"

"இல்லைங்க. அப்படியே இருக்கட்டும்."

"அஞ்சு நிமிஷம் ஆச்சு. போதும்ல?"

இரண்டாம் நாள் மூன்று நிமிடம். அதிலும் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு பழைய கண்டக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சில் சிரிப்பு வரும்போதெல்லாம் முழங்கை விலகிப்போனது. மூன்றாம் நாள் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கையை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாரு, எப்படிச் சிவந்துபோச்சு."

அவள் பார்த்தாள். லேசாகச் சிவந்துதான் இருந்தது. அவளே எழுந்துபோய்க் களிம்பு எடுத்துவந்து, காய்த்துப்போன தன் கையால் அந்த முழங்கைக்குத் தடவிவிட்டாள். நாலாம் நாள் டிரைவர் மெத்தைப் பக்கமே வரவில்லை.

"குறி அழிஞ்சுபோச்சு. எங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பதினெட்டு வருஷமா உங்க இடுப்புலதானே இருந்துச்சு. அந்த இடம் எங்கன்னு தெரியாதா?"

"என் முதுகுப்பக்கம் எனக்கு எப்படிடீ தெரியும்? நாளைக்குப் பாக்கலாம்."

கேள்வியைக் கேட்டபிறகுதான் பதில் எவ்வளவு உண்மை என்று அவளுக்கு உறைத்தது. அவருக்குத் தெரியாது. மேல, கீழ என்று ஏலம் போட்டாரே தவிர, அது எங்கே இருக்கிறது என்று ஒருநாள்கூட அவர் தெரிந்துகொள்ள நினைத்ததில்லை.

ஐந்தாம் நாள் கூடத்திலிருந்து நொண்டிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. முகம் கழுவிவிட்டு மெத்தையில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தாள். கீழ்க்காலை நீட்டினாள், மேல்காலை மடக்கினாள். பேனாவைத் தலையணைக்குப் பக்கத்தில் அவர் கண்ணில் படும்படி வைத்தாள். நாளைக்கு என்று சொன்னாரே, இன்றுதானே அந்த நாளை என்று காத்திருந்தாள். மணி ஆறரை ஆனது. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் அறைக்குள் வந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

காலடி அவளுடைய காலைத் தாண்டி அந்தப்பக்கம் போனது. மெத்தை அமிழ்ந்தது. இடுப்பில் எதுவும் படவில்லை. கண்ணைத் திறந்தாள்.

அவளுக்கும் சுவருக்கும் நடுவே, தன்னுடைய வழக்கமான இடத்தில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிரைவர் படுத்திருந்தார். மேல்கால் ஏற்கெனவே மடங்கியிருந்தது.

"ம், ஆரம்பி. செய்தி போடறதுக்குள்ள முடிச்சுரலாம்."

அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. மறுத்துவிட்டு வந்து படுத்திருந்தால் சண்டை போடலாம். இவர் மறந்தே போயிருந்தார்.

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். இடுப்பில் பிடித்த வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டாள். முழங்கை தன் இடத்தைத் தேடிக்கொண்டு தானாகவே போனது. தொடுவதற்கு ஒரு நூல் இருக்கும்போது அவள் அதை நிறுத்தினாள். கட்டைவிரலை வைத்து அளந்தாள். முதுகுப்பக்கமாக ஓர் அங்குலம். எப்போதோ ஒரு காலத்தில் மை நடந்துபோய் நின்ற இடம். அங்கே முழங்கையை வைத்து, உடம்பின் கனம் முழுவதையும் இறக்கி அழுத்தினாள்.

பெருவிரலைப் பார்த்தாள். அது சும்மா கிடந்தது.

"கொஞ்சம் மேல."

"சரிங்க."

"கொஞ்சம் கீழ."

"சரிங்க."

"ஆங், அங்கதான்."

அடுத்த வாரம் டிரைவர் நொண்ட ஆரம்பித்தார். வாசற்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். உன் கையில் பழைய பலம் இல்லை, உனக்கும் வயசாகிவிட்டது என்று அவளிடம் குறைப்பட்டுக்கொண்டார். "ஆமாங்க, ஆயிடுச்சு" என்றாள் அவள். ஆறரை ஆனதும் அவர் படுத்தார், அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முழங்கையை ஊன்றினாள். இருபது நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட அவள் குறைக்கவில்லை.